நாற்பத்தொன்றுக்குப் பிரியாவிடை

3 நவம்பர் 1966, வியாழன்

இன்று ஒட்டிய சுவர்ப் பத்திரிகையில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சரக்கு ரயிலின் கடைசியில் வரும் கார்டு வண்டி பழுப்பு நிறம் என்று எழுதியிருக்கிறேன். அது சிவப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போதுதான் இந்தச் சந்தேகம் வந்தது. திரும்ப மேலே ஏறிப்போய் இராமசாமி சாரிடம் சொன்னேன்.

“கார்டு வண்டி எந்தக் கலரா இருந்தா யாருக்குய்யா என்ன? ஒட்டியாச்சு. பசையும் காஞ்சுபோச்சு. போய்ச் சாப்பிடு” என்றார்.

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

எங்கள் மாலை வகுப்பு டன்லப் தெருவில் ஒரு மாவுக் கடையின் மாடியில் நடக்கிறது. பகலில் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் எல்லோரும். நாங்கள் கையால் எழுதிச் சுவரில் ஒட்டும் பத்திரிகைக்கு ஆளுக்கொரு பகுதி எழுத வேண்டும் என்பது சார் போட்ட விதி. தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பதும் அவர் விதிதான். கவிதைப் பகுதிக்கு ஏழு பேர் போட்டியிட்டார்கள். சமையல் குறிப்பை சந்திரமதி எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டும் வராது. விடுமுறை நாளில் என்ன செய்வாய் என்று சார் கேட்டபோது, எஞ்சின் பார்க்கப் போவேன் என்று சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் ‘இருப்புப்பாதைச் செய்திகள்’ என் பொறுப்பு.

எந்தத் தடத்தில் எந்த எஞ்சின் வந்தது, எந்த எஞ்சின் பல நாளாகக் காணவில்லை, ஜூரோங்குக்குப் புதிதாகப் போட்ட சரக்குப் பாதையில் என்ன ஏற்றிப் போகிறார்கள் என்பவற்றை எழுதுவேன். அந்தப் பாதையில் பயணிகள் கிடையாது. சிமெண்டும் மரமும்தான் போகும். என் பகுதியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. போன இதழில் இரண்டு வரிகள் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தன. ஒருவரும் சொல்லவில்லை.

இந்த இதழில்தான் உண்மையான செய்தி கிடைத்தது. நேற்று கல்லறைத் திருநாள். நான் வேலை பார்க்கும் ஸ்டேஷனரி கடையில் அரைநாள் லீவு வாங்கி, பிடாடாரியில் அப்பாவின் கல்லறைக்கு மெழுகுவத்தியும் பூவும் வைத்துவிட்டு, மீதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பஸ் பிடித்து புக்கிட் தீமா ஸ்டேஷனுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் தாழ்வான திறந்த சரக்குப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே அந்தப் பக்கத்து ஆட்களின் தலைகளும், நாற்பத்தொன்று என்ற நீராவி எஞ்சினின் முகமும் மட்டும் தெரிந்தன.

நாற்பத்தொன்றை ஜூலைக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அதன் வட்ட முகத்தில் ஒரு பெரிய மலர் வளையம் வைத்திருந்தார்கள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஒரு பெரியவர் கை உயர்த்தி எஞ்சினைத் தடவிக் கொடுத்தார். ஓர் இளைஞர் இரண்டு கைகளாலும் கண்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் ஏதோ கனமான பொருளைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார். துயரத்தில் மனிதர்கள் எதையும் செய்வார்கள். பிறகு நீளமான விசில் ஒன்று. நானும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

செய்தியை இப்படி எழுதினேன்:

“41க்குப் பிரியாவிடை. ஜூரோங் சரக்குப் பாதையில் ஓடிய 41ஆம் எண் நீராவி எஞ்சினுக்குப் புதன்கிழமை மலர் வளையம் வைத்து ஊழியர்கள் விடை கொடுத்தனர். பழுப்பு நிறக் கார்டு வண்டியுடன் அது தன் கடைசி ஓட்டத்தை மேற்கொண்டது. இனி டீசல் மட்டுமே.”

சார் படித்துவிட்டு, “நல்லாயிருக்கு. ஆனா செய்தியில மனுஷன் இல்லையே” என்றார். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: “அதில் அடுப்பைப் பார்த்துவந்த ஃபயர்மேன்களின் கதி என்னவென்று தெரியவில்லை.”

நாளைக்கு, கார்டு வண்டியின் நிறத்தைத் திருத்த அனுமதி கேட்க வேண்டும்.

4 நவம்பர், வெள்ளி

நிறத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நான் படியேறும்போதே சந்திரமதி வழியை மறித்தார். அவர் தேக்காவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவர். எப்போதும் சிரித்த முகம். இன்று அந்த முகம் இல்லை.

“ஆம்ப்ரோஸ், நீங்க நல்லா இருப்பீங்களா?”

“ஏன், என்னாச்சு?”

“எங்கப்பா உங்க செய்தியப் படிச்சுட்டாரு.”

என் செய்தியை ஒருவர் படித்துவிட்டார் என்பதில் எனக்கு முதலில் மகிழ்ச்சியே ஏற்பட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சந்திரமதியின் அப்பா கோவிந்தசாமி ஐயா, சொந்தமாக ஒரு லாரி வைத்து மணலும் செங்கல்லும் ஏற்றுகிறவர். தினமும் மகளை அழைத்துப்போக லாரியோடு வருவார். வகுப்பு முடியத் தாமதமானால் மேலே வந்து, வாயசைத்துக்கொண்டே சுவர்ப் பத்திரிகை முழுவதையும் படிப்பார். நேற்றும் படித்திருக்கிறார்.

“எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை ஃபயர்மேன், தெரியுமா உங்களுக்கு? அந்த நாப்பத்தொண்ணுலதான் வேலை. தீபாவளி கழிஞ்ச ஞாயிறு நிச்சயம். அப்பாவுக்கு ரயில்னாலே ஆகாது. கவர்மெண்ட் வேலைன்னு ஒத்துக்கிட்டாரு. போன வருஷம் நாடு பிரிஞ்சதிலேருந்து எந்த நாட்டு கவர்மெண்ட்னு குழப்பம்தான், அதையும் பொறுத்துக்கிட்டாரு. இப்ப, ‘எஞ்சினே போயிருச்சு, மாப்பிள்ளை வீட்ல மூடி மறைச்சுட்டாங்க, தீபாவளிக்குள்ள வேணாம்னு சொல்லிடறேன்’ங்கறாரு.”

“அவங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமே?”

“கேட்டா அவங்க உண்மையச் சொல்வாங்களாங்கறாரு. ‘அந்த ஸ்டேஷனரி கடைப் பையனுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? மூஞ்சப் பாத்தாலே தெரியுது, பொய் சொல்ற அளவுக்கு ஆளு இல்ல’ன்னு உங்களப் புகழ்ந்து வேற பேசறாரு.”

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. மாப்பிள்ளையை அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“புடிக்காம எதுக்குய்யா இந்தப் படிக்கட்டுல நின்னு உங்களோட சண்டை போடறேன்?”

நான் பார்த்ததைத்தானே எழுதினேன், எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து, கேட்காமல் விட்டேன். வகுப்பில் சார் நடத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. நான் பார்த்தது என்ன, நினைத்தது என்ன என்று இரண்டாகப் பிரித்துத் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். பார்த்தவை: பூ, தலைகள், ஒரு விசில். நினைத்தவை மற்ற எல்லாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் புக்கிட் தீமா போக வேண்டும்.

6 நவம்பர், ஞாயிறு

நாற்பத்தொன்று உயிரோடு இருக்கிறது.

ஸ்டேஷன் ஓரத் தடத்தில் லேசாக நீராவி விட்டுக்கொண்டு நின்றது. புது பெயிண்ட். போன தடவை நடுவில் நின்ற சரக்குப் பெட்டிகள் இன்று இல்லாததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சின் முகத்தில், அன்று பூ மறைத்த இடத்தில், சந்தனமும் குங்குமமும் இருந்தன. இரண்டு பக்கமும் வாடிய வாழைக்கன்றுகள் கட்டியிருந்தன. தரையில் குங்குமம் தடவிய பூசணிக்காய்த் துண்டுகளை மைனாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.



சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்த இளைஞரிடம் போனேன். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“அண்ணே, இந்த எஞ்சின் இன்னும் ஓடுதா?”

“ஓடுதாவா? காலையில என் முட்டியச் சுட்டுருச்சு, பாரு.” கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். “யாரு தம்பி நீ?”

பெயரைச் சொன்னேன். சுவர்ப் பத்திரிகை என்றேன். அவர் மெதுவாக எழுந்து நின்றார். நல்ல உயரம்.

“ஓ. நீதானா அந்த நிருபரு.”

அவர்தான் மாப்பிள்ளை, தனசேகரன். வெள்ளிக்கிழமையே கோவிந்தசாமி ஐயா ஆள் அனுப்பித் தன் மனக்குறையைச் சொல்லிவிட்டாராம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் முகம் கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது.

“மலர் வளையமா? அடப்பாவி! மாலைடா அது. ரெண்டு ஆளு நீளம். ரவுண்டு மூஞ்சியில மாட்டினா ரவுண்டாத்தானே தொங்கும்? நாலு மாசமா கோலாலம்பூர் பட்டறையில கெடந்துட்டு அன்னிக்குத்தான் திரும்பி வந்துச்சு. அதுக்குப் பூசை போட்டோம்.”

“ஆயுத பூசைதான் போன மாசமே முடிஞ்சுபோச்சே?”

“எல்லாருக்கும் முடிஞ்சுபோச்சு. இது பட்டறையில இல்ல இருந்துச்சு, பாவம்!”

“நீங்க அழுதீங்களே, அண்ணே?”

“டிரைவர் அழகப்பன் அண்ணன் எஞ்சினுக்குத் திருநீறு பூசிட்டு மிச்சத்த ஊதினாரு. நேரா என் கண்ணுக்குள்ள.”

பூவாவது நான் பார்த்தபடி இருக்கும் என்று எண்ணி, அந்த மாலை எங்கே என்று கேட்டேன். எஞ்சின் முகம் கொதிக்கும் என்பதால் அரை நாளில் அது வறுத்த வெங்காயம் போல ஆகிவிட்டதாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று காலை கல்லறையிலிருந்து நேராக வந்ததையும், பூ என்றாலே என் கண்ணுக்குக் கல்லறையாகத் தெரிந்ததையும் சொன்னேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நான் சொன்னா மாமா நம்பமாட்டாரு. எங்கம்மா சொன்னாலும் நம்பமாட்டாரு. நீ எழுதுனத நீயேதான் அழிக்கணும்.” கொஞ்சம் பொறுத்து, கீழே பார்த்தபடி கேட்டார்: “அது… அந்தப் பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?”

படிக்கட்டில் சண்டை போட்டதைச் சொன்னேன். அவர் எஞ்சின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்தார்.

நாளை திருத்தம் எழுதி ஒட்ட வேண்டும்.

7 நவம்பர், திங்கள்

திருத்தம் ஒட்டினேன். நிலைமை மோசமாகிவிட்டது.

“41ஆம் எண் எஞ்சின் ஓய்வு பெறவில்லை. அது பழுது பார்க்கப்பட்டுத் திரும்பியதற்குச் செய்த பூசையையே நிருபர் தவறாகப் புரிந்துகொண்டார்” என்று எழுதியிருந்தேன். கோவிந்தசாமி ஐயா வகுப்பு முடியும் முன்பே மேலே வந்து, வாயசைத்துப் படித்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பு முழுவதும் புத்தகத்தை மூடிவிட்டுக் கவனித்தது.

“தம்பி, மொதல்ல எழுதினது நீ கண்ணால பாத்தது. சரியா?”

“ஆமாங்கய்யா, ஆனா…”

“ரெண்டாவது எழுதினது காதால கேட்டது. யார்கிட்ட கேட்ட?”

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. “மாப்பிள்ளைகிட்ட, ஐயா.”

“பாத்தீங்களா வாத்தியாரே!” இராமசாமி சாரின் மேசையைத் தட்டினார். “சரபத் கடையில ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பையன மாத்திட்டானுங்க!”

“டீ வாங்கித் தரலைங்கய்யா,” என்றேன். அது உதவவில்லை.

சந்திரமதி எழுந்தார். “அப்பா, அவரு தப்பா பாத்துட்டாருன்னுதான் எழுதியிருக்காரே.”

“நீ உக்காரு. மாலை போட்டுக் கும்புட்டு அனுப்பியிருக்கானுங்க. எதுக்கு மாலை போடுவாங்க? போறதுக்குத்தானே?”

நான் பொதுவாக எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. ஆனால் அப்போது என் இடம் ஜன்னல் ஓரம். கீழே மாவுக் கடை வாசலில் அவருடைய லாரி நின்றது. அதன் நெற்றியில் காய்ந்து சருகான ஒரு மாலை தொங்கியது. விளக்குகளுக்கு மேல் சந்தனப் பொட்டுகள் வேறு. தினமும் நான் கடந்துபோகிற லாரிதான். இவ்வளவு நாளும் இதைக் கவனிக்காத நான் என்ன நிருபர் என்று தோன்றியது.

“ஐயா, உங்க லாரிக்கும் மாலை போட்டிருக்கே. லாரி போயிருச்சா?”

கவிதை எழுதும் ஏழு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சாரும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

கோவிந்தசாமி ஐயா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வந்து தன் லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் லாரியைப் பார்த்தார்.

“வாய் இருக்கு உனக்கு. சரி. காதால கேட்ட கதை வேணாம். கண்ணால காட்டு. நாளைக்குக் காலையில ஜூரோங்குக்கு மணல் ஏத்திட்டுப் போறேன். நீயும் லாரியில வா. அந்த எஞ்சினு என் கண்ணு முன்னால ஓடி வந்தா நிச்சயம் உண்டு. வரலேன்னா, இனிமே இந்தச் சுவத்துல நீ சமையல் குறிப்புதான் எழுதணும்.”

“சமையல் குறிப்பு என்னுது,” என்றார் சந்திரமதி.

மறுபடியும் லீவு கேட்க வேண்டும்.

8 நவம்பர், செவ்வாய்

கடை முதலாளி நாகூர் கனி அண்ணனிடம் காலையில் லீவு கேட்டேன். “போன வாரம் கல்லறைக்கு லீவு. இந்த வாரம் லாரிக்கு லீவு. அடுத்த வாரம் கப்பலுக்கா?” என்றவர், விஷயத்தைச் சொன்னதும், “கல்யாணக் காரியமா? ஓடுலா, ஓடு” என்று தள்ளிவிட்டார்.

ஜூரோங் தொழிற்பேட்டைக்குள் தண்டவாளம் ஒரு மண் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்துக்குப் போனோம். கேட் கிடையாது. நூர்தீன் என்ற கொடிக்காரர் ஒருவர் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். ஐயா லாரியை ஓரமாக நிறுத்தினார். நான் மனத்துக்குள் ஜெபமாலை சொன்னேன். பாதியில் எந்த இடம் என்று மறந்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

தூரத்தில் சத்தம் கேட்டது. நூர்தீன் எழுந்து கொடியை விரித்தார். சிமெண்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பி வந்தது டீசல்.

ஐயாவின் முகம் மலர்ந்தது. மகளின் கல்யாணம் நிற்கப்போகிறது என்பதைவிட, தான் சொன்னது சரி என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது போலும். “நீயே எழுதியிருந்தியே தம்பி, இனி டீசல் மட்டுமேன்னு. நல்ல கையெழுத்து உனக்கு.”

“கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கலாங்கய்யா.”

“மணல் எறக்க வேணாமா? போதும், பாத்தாச்சு.”

டீசல் போனதும் லாரியைக் கிளப்பினார். லாரி குலுங்கி ஏறி, முன்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டியதும் இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினார். இருமக்கூட இல்லை.

“இது எப்பவும் இப்படிச் செய்யாது,” என்றார்.

அப்போது விசில் கேட்டது. அந்த விசிலை நான் புதன்கிழமை கேட்டிருக்கிறேன். நூர்தீன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஓடினார். பேட்டைக்குள் ரயில்கள் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வரும். வளைவைத் தாண்டி, புசுபுசுவென்று மூச்சு விட்டுக்கொண்டு, நாற்பத்தொன்று வந்தது. நூர்தீனைப் பார்த்ததும் வெகு தூரத்திலேயே மரியாதையாக நின்றது. பிறகு இன்னொரு விசில் அடித்தது.

“யார்ரா அவன், ஹாரன் அடிக்கிறவன்?” என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினார் ஐயா. பிறகு எஞ்சினைப் பார்த்தார். அதன் நெற்றியில் எண் இருந்தது. வாயை அசைத்து அதைப் படித்தார்.

எஞ்சினிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் டிரைவர் அழகப்பன் அண்ணன். பின்னால் தனசேகரன். லாரியில் யார் என்று தெரிந்ததும் தனசேகரன் நின்றுவிட்டார். அழகப்பன் அண்ணன் நிற்கவில்லை. லாரியைச் சுற்றி வந்து, அதன் நெற்றியில் இருந்த காய்ந்த மாலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்ன முதலாளி, மாலையெல்லாம் காஞ்சுபோச்சு. கடைசி ஓட்டமா?”

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“தள்ளுங்கய்யா, பேசாம,” என்றார் ஐயா.

ஐயா உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நான்கு பேரும், கொடியை இடுப்பில் செருகிக்கொண்ட நூர்தீன் உட்பட, பின்னால் போய்த் தோள் கொடுத்தோம். மணல் பாரம் அசைய மறுத்தது. தனசேகரன் இரண்டு கைகளையும் பின்பலகையில் ஊன்றி, “இப்ப, தம்பி!” என்றார். லாரி நகர்ந்தது. தண்டவாளத்தைத் தாண்டிச் சரிவில் உருண்டதும் உயிர் வந்து உறுமியது.

ஐயா அதை ஓட்டத்திலேயே வைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். பின்பலகையின் வெளிர்நீலப் பெயிண்டில் இரண்டு கரிய கைகள் விரல் விரலாகப் பதிந்திருந்தன.

“கையப் பாரு மாப்பிள்ள! புதுசா பெயிண்டு அடிச்சது!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. எங்களுக்கும். தனசேகரன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

“மன்னிச்சுக்குங்க, மாமா.”

ஐயா எஞ்சினையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். “புகை ரொம்ப விடுது,” என்றார் கடைசியாக. “கண்ணுல பட்டா அழுகைதான் வரும். சரி சரி, போ. வேலையப் பாரு. ஞாயித்துக்கிழமை கையக் கழுவிட்டு வா.”

மணலை இறக்கிவிட்டு சிராங்கூன் ரோட்டுக்குத் திரும்பினோம். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை ஓரம் என்னை இறக்கிவிட்டு ஐயா சொன்னார்: “நீயும் வா தம்பி, நிச்சயத்துக்கு. கேசரி உண்டு. பேப்பர்ல மறுபடியும் எழுதுவியா?”

“எழுதணுங்கய்யா. இப்ப கண்ணால பாத்தாச்சே.”

“லாரி நின்னத எழுதாத.”

நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் முறை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்பலகையைப் பார்த்தேன். வழியில் பெட்ரோல் ஊற்ற நின்றபோது அவர் துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், விளக்குகளைத் துடைத்தார். அந்தக் கைகளைத் துடைக்கவில்லை.

“சாலையில் ஒரு தடங்கல்னு போடறேங்கய்யா.”

மாலையில் வகுப்பில் சந்திரமதி எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். சுவரில் இருந்த என் திருத்தத்தை நின்று படித்தார். தலைகீழாக எதுவும் ஒட்டப்படவில்லையே என்று இரண்டு முறை சரிபார்த்ததாகச் சொன்னார்.

லாரியைத் தள்ளிய பரபரப்பில் கார்டு வண்டியைப் பார்க்க மறந்துவிட்டேன். அதன் நிறம் இன்னும் தெரியவில்லை.

நாளை: கடையில் ஒரு புட்டி பசை வாங்க வேண்டும். வகுப்புக்கு முன்னதாகப் போய், 41 பற்றிய புதிய செய்தியைப் பழையதன் மேல் ஒட்ட வேண்டும்.